குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு: பயணிகள் படகுச் சேவை பற்றிய ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தால் வேலணைக்கும், அங்கிருந்து வாணர் தாம்போதியால் புங்குடுதீவுக்கும் தரைவழியாகவே போய்விடலாம் என்பதால், பேருந்தில் கண்ணயர்ந்து வருபவருக்குத் தாம் இரண்டு இடங்களில் கடலைத் தாண்டி வந்ததே தெரியாது. புங்குடுதீவின் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையில் வீதி முடிகிறது. அதற்கப்பால் நெடுந்தீவுக்குப் படகைத் தவிர வேறு பாதை இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை சென்று ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் திரும்பியதை வைத்து இந்தச் சேவையைப் பற்றி எழுதுகிறேன்.

குறிகட்டுவானுக்கு முதன்முறை வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே துறையிலிருந்துதான் நயினாதீவுப் படகுகளும் புறப்படுகின்றன. நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நாகதீப விகாரைக்கும் செல்லும் அடியார்களை ஏற்றிக்கொண்டு அவை அடிக்கடி போய்வருகின்றன. பயணமும் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நெடுந்தீவுப் படகு அப்படியன்று. நாளொன்றுக்குச் சில தடவைகளே அது ஓடுகிறது, கடலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருக்கவேண்டும், காலைப் படகைத் தவறவிட்டவருக்கு அன்றைய திட்டம் பெரும்பாலும் பாழ். எந்த வரிசை எங்கே போகிறது என்பதைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுக்கொண்டு நிற்பது நல்லது. நான் கேட்காமல் கால் மணி நேரம் பக்தர்களோடு நின்றேன்.

வெள்ளிக்கிழமைப் படகில் சுற்றுலாப் பயணிகள் என்று சொல்லத்தக்கவர்கள் நாங்கள் மூவர் மட்டுமே. மற்றவர்கள் தீவுக்குக் கற்பிக்கச் செல்லும் ஆசிரியர்கள், அலுவலக உத்தியோகத்தர்கள், யாழ்ப்பாணத்து வைத்தியசாலையில் காட்டிவிட்டு ஊர் திரும்பும் முதியவர்கள். ஆட்களுக்கு முன்னரே பொருட்கள் ஏறிவிட்டன. அரிசி மூட்டைகள், எரிவாயு சிலிண்டர்கள், முட்டை அட்டைகள், சீமெந்துப் பைகள், ஒரு மோட்டார் சைக்கிள் என அனைத்தும் கைமாறிக் கைமாறியே இறங்குதுறையிலிருந்து படகுக்குப் போயின. இந்த வேலை ஒழுங்காகவும் விரைவாகவும் நடந்ததைப் பாராட்டத்தான் வேண்டும். பத்து நிமிடம் தாமதித்ததைத் தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஓடும் மிதவையைச் சனங்கள் "பாதை" என்றே அழைப்பார்கள். அந்தச் சொல் நெடுந்தீவுப் படகுக்கே இன்னும் கூடப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றியது.

இருக்கையைப் பொறுத்தவரை, படகின் உட்பகுதியில் வெயில் இல்லை, ஆனால் இயந்திரத்தின் சூடும் டீசல் மணமும் உண்டு. வெளியே காற்று உண்டு, கூடவே உப்புத் தண்ணீரும் முகத்தில் அடிக்கும். நயினாதீவின் மறைவில் போகும்வரை கடல் குளம்போலக் கிடந்தது. அந்த மறைவு விலகியதும், சோளகம் எனும் தென்மேற்குக் காற்று தொடங்கியிருந்த காலமாதலால், படகு பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. குமட்டல் உள்ளவர்கள் வெளியிலேயே இருப்பது நன்று. தீவு வெகுநேரம் கண்ணில் படாது. ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் பரப்புடையதாயினும் முருகைக்கல்லாலான தட்டையான நிலம் அது. முதலில் தண்ணீரிலிருந்தே முளைத்தவைபோலப் பனைகளின் தலைகள் தெரியும், பின்னரே கரை.

மாவிலி இறங்குதுறையில் இறங்குபவர்கள் அங்குள்ள நினைவாலயத்தைக் கவனியாமல் போகக்கூடாது. 1985 ஆம் ஆண்டு மே 15 ஆம் திகதி, இதே வழியில் குறிகட்டுவான் நோக்கி வந்துகொண்டிருந்த குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, அதிலிருந்த குழந்தைகள் உட்பட 20 க்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். வேறு வழியில்லாத மக்கள் அதன் பின்னரும் அதே கடலால், அதே படகிலும்கூட, பல ஆண்டுகள் போய்வந்தார்கள். வடதாரகையும், 2017 இல் வந்த நெடுந்தாரகையும் இந்தச் சேவையில் பின்னர் சேர்ந்த படகுகள்.

காட்டுக் குதிரைகள், பெருக்கமரம், ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடுகள், புறாக்கூடு ஆகியவற்றைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். முச்சக்கரவண்டி ஒன்றைப் பேசிக்கொண்டால் அரை நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். தங்கிய இரண்டு இரவுகளில் எனக்கு விளங்கியது வேறொன்று. இலங்கையின் மின் வலையமைப்பு இத்தீவை எட்டவில்லை. மின்பிறப்பாக்கிகளுக்கான எரிபொருள்கூடக் கடல் கடந்தே வரவேண்டியிருந்தது. சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டத்துக்கு இந்தியாவுடன் உடன்பாடு ஏற்பட்டது 2022 இல்தான். நன்னீருக்குப் பெயர்போன சாராப்பிட்டிக் கிணறுகள் நீங்கலாக, பல இடங்களில் கிணற்று நீர் உவர். இரவில் ஒருவருக்கு நோய் முற்றினால் கடற்படைப் படகை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. எங்களுக்குச் சோறு சமைத்துத் தந்த அம்மா, "தம்பி, காத்துக் கூடினால் படகு வராது, ஒரு நாள் கூடத் தங்கிறமாதிரியே வரவேணும்" என்றார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பேருந்து நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

திரும்பிய அனுபவம் அவ்வளவு நல்லதன்று. ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் வந்து குவிந்த கூட்டம் ஒரே நேரத்தில் துறையில் நின்றதால், எங்களுக்கு ஒரு தனியார் படகிலேயே இடம் கிடைத்தது. அளவுக்கு மீறி ஏற்றினார்கள். உயிர்காப்பு அங்கிகள் முன்பக்கத்தில் ஒரு கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. அவிழ்த்துத் தரும்படி கேட்டபோது, "கிட்டத்தானே" என்று சிரித்தார் கட்டணம் வாங்கியவர். அதைவிட என்னை உறுத்தியது, மறுநாள் காலை வைத்தியசாலைக்குப் போகவேண்டிய ஒரு முதியவர் இடமில்லாமல் கரையில் நிற்க, குதிரை பார்க்கப் போன நாங்கள் இருக்கையில் அமர்ந்திருந்தது. தீவு மக்களுக்கென ஒவ்வொரு பயணத்திலும் சில இருக்கைகளை ஒதுக்கினால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும் என்பது என் கருத்து.

கிழமை நாட்களில் இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சனி, ஞாயிறிலும் பாடசாலை விடுமுறையிலும் போவதைத் தவிர்க்கலாம். படகு நேரங்கள் மாறக்கூடியவை என்பதால் முதல் நாளே விசாரித்து, யாழ்ப்பாணத்திலிருந்து 776 இலக்கப் பேருந்தை விடியலிலேயே பிடியுங்கள். கைவசம் குடிநீரும் ஒரு மாற்றுடையும் இருக்கட்டும். எங்களுக்கு அந்த மாற்றுடை இரண்டு தடவை தேவைப்பட்டது.