பிள்ளையை டொக்டருக்குப் படிக்க வெளிநாடு அனுப்ப இருக்கிற வன்னிப் பெற்றோருக்கு

2021இல் உயர்தர முடிவு வந்த கிழமையே வவுனியாவில் இருந்து ஒரு ஏஜென்சிக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். தங்கச்சி கிளிநொச்சியில் முதல் தடவை எழுதியவள். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி, மருத்துவத்துக்கு மயிரிழையில் காணாது.

"திரும்ப எழுத வைச்சு ஏன் ஐயா பிள்ளையின்ர வருசத்தை வீணாக்குறியள்? வருசம் 4,000 டொலர். ஆறு வருசத்தில டொக்டர்" என்றார்.

அவர் காட்டிய பல்கலைக்கழகம் இலங்கை மருத்துவ சபையின் அங்கீகாரப் பட்டியலில் இருந்தது உண்மை. அந்த ஒரு உண்மையைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் நம்பினோம். அப்போது டொலர் 200 ரூபா. இரண்டு வருடக் காசு 16 லட்சத்தை முற்பணமாகக் கேட்டார். அம்மாவின் நகை அடைவுக்குப் போனது, இரணைமடுக் குளத்தின் கீழ் இருந்த வயல் குத்தகைக்குப் போனது. காசை ஏஜென்சிக்காரரின் சொந்தக் கணக்கில்தான் போட்டோம்.

தங்கச்சி போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, முதல் வருடம் வெறும் மொழிப் படிப்பு, ஆறு வருடத்தில் அது சேராது என்று. விடுதி, காப்புறுதி, விசா புதுப்பிப்பு எல்லாம் தனிக் காசு. அடுத்த வருடம் பல்கலைக்கழகம் கட்டணம் கேட்டது. ஒரு வருடக் காசுதான் தங்களுக்கு வந்ததாம். ஓடிப்போய்க் கேட்டேன்.

"மற்றது எங்கட சேவைக் கட்டணம் தம்பி. ரசீதைப் பாருங்கோ."

பார்த்தேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஏஜென்சிக்காரர் எடுத்த எட்டு லட்சத்தை நாங்கள் திரும்பக் கட்டும்போது டொலர் 360ஐத் தாண்டிவிட்டது. அதே 4,000 டொலருக்கு 14 லட்சத்துக்கு மேல் போனது.

தயவுசெய்து ஒரு வருடக் கட்டணத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மொழி வருடம் உட்பட முழுச் செலவையும் டொலரில், தமிழில் எழுதிக் கையெழுத்தோடு வாங்குங்கள். படிப்புக் காசை பல்கலைக்கழகக் கணக்குக்கே நேராக அனுப்புங்கள். படித்து வந்த பிறகும் மருத்துவ சபையின் பதிவுப் பரீட்சை இருக்கிறது. அதற்குக் கொழும்பில் அறை எடுத்து, வகுப்புக்குப் போய், பிறகு ஆஸ்பத்திரியில் உள்ளகப் பயிற்சிக்குக் காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு சதம் வருமானம் இல்லை. அதையும் கணக்கில் சேருங்கள்.

எனக்கு ஆறாத விசயம் வேறு. உயர்தரம் மூன்று தடவை எழுதலாம். பல்கலைக்கழக இடங்களில் 55 வீதம் மாவட்ட அடிப்படையில் போகிறது. பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று இன்னும் 5 வீதம் இருக்கிறது, வன்னி மாவட்டங்கள் நான்கும் அதற்குள் வரும். தங்கச்சிக்கு இன்னும் இரண்டு தடவை மிச்சம் இருந்தது. கிடைத்திருந்தால் யாழ்ப்பாணத்தில் இலவசமாகப் படித்திருப்பாள்.

அந்த ஏஜென்சி இப்போது வேறு பெயரில் நடக்கிறது. முடிவு வந்த கிழமையில் யாராவது உங்கள் வீட்டுப் படலைக்கு வந்தால், காசைப் பற்றிப் பேச முதல் பிள்ளையின் இசட் புள்ளியை எடுத்துக்கொண்டு அவள் படித்த பள்ளிக்கூடத்து ஆசிரியரிடம் போங்கள்.