மீடியன் இடைவெளியா, பாலத்துக்கு அடியிலா?

கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரிக்கு 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் போகிறவர் எதிர்ப்பக்கம் திரும்ப இரண்டு வழி. ஒன்று, சாலை நடுவே உள்ள தடுப்பான சென்டர் மீடியனில் விட்டிருக்கும் இடைவெளி. இன்னொன்று, சர்வீஸ் ரோட்டில் இறங்கி பாலத்துக்கு அடியில் நுழைந்து வருவது.

முதலாவதில் நேரம் மிச்சம், சரி. ஆனால் மாங்காய் சீசனில் பெட்டிகள் அடுக்கிய டிராக்டர் அங்கே திரும்ப நிற்பதைப் பாருங்கள். முன்சக்கரம் மீடியனுக்குள் இருக்கும்; டிரெய்லர் முழுக்க வேகமாக வண்டிகள் வரும் வலது லேனில் நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நொடிக்கு சுமார் 28 மீட்டர் ஓடும். டிராக்டர் திரும்பி முடிக்க 10 நொடி என்றாலே 280 மீட்டர் காலி ரோடு வேண்டும். இரவில், டிரெய்லரில் பின்விளக்கும் ரிஃப்ளெக்டரும் இல்லை என்றால் கேட்கவே வேண்டாம். மீடியனில் அரளி உயரமாக வளர்ந்திருந்தால் எதிரில் வருவதும் தெரியாது. திரும்புகிறவர் ஒதுங்கி நிற்கத் தனி லேன் இருந்தால் ஆபத்து குறையும்.

பாலத்தடியில் இந்தக் குறுக்கீடே கிடையாது. மழை பெய்தால் தண்ணீர் தேங்கும், அது ஒரு தொல்லை. பெரிய குறை தூரம்தான். அடுத்த பாலம் 2 கிலோமீட்டர் தள்ளி என்றால் பைக் ஓட்டுகிறவர்கள் ராங் சைடில்தான் வருவார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை.

நான் காரில் போனால் யோசிக்காமல் பாலத்தடிதான். மீடியன் இடைவெளிகளை அடைப்பதும் நல்லதுதான். அதற்கு முன்னால் ஊர்க்காரர்கள் கடக்க ஒரு வழி திறந்திருக்க வேண்டும்.