கிலோ கணக்கில் லாண்டரிக்குத் துணி போடுபவர்கள் கவனத்துக்கு

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சென்னை அபார்ட்மென்ட் வீடுகளில் துணி காயவே காயாது. இந்தச் சமயம் பார்த்துத்தான், கிலோ கணக்கில் துவைத்து, உலர்த்தி, மடித்து வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம் என்ற நோட்டீஸ்கள் வேளச்சேரி பக்கம் கதவிடுக்கில் வந்து விழும். அப்படி ஒரு கடையில் நாங்கள் பட்டதைச் சொல்கிறேன்.

துணி எடுக்க வந்த பையன் மூட்டையைக் கொக்கித் தராசில் மாட்டி, "ஏழரை கிலோ மேடம்" என்றான். எத்தனை துணி என்று எண்ணி எழுதித் தரச் சொன்னேன். "கிலோவுக்குப் போட்டா எண்ண மாட்டாங்க மேடம், தனித்தனி உருப்படியா கொடுத்தாதான் எண்ணுவாங்க" என்றான். கடைக்கு போன் செய்தேன். ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் தனி மெஷின், எதுவும் மாறாது, பயப்படாதீங்க என்றார்கள். அன்று மாலை வந்த பில்லில் எடை ஒன்பது கிலோவாக இருந்தது. கேட்டால், கடைத் தராசுதான் கணக்காம்.

துணி திரும்பி வந்தபோது மேலே இஸ்திரி போட்ட மாதிரி அழகாகத்தான் இருந்தது. பிரித்துப் பார்த்தால் போர்வை மடிப்புக்குள் ஈரம், ஜீன்ஸ் இடுப்புப் பட்டையிலும் பாக்கெட்டுக்குள்ளும் ஈரம், குப்பென்று பூஞ்சை வாடை. பிள்ளைகளின் வெள்ளை யூனிஃபார்ம் சட்டைகள் இளஞ்சிவப்பாகியிருந்தன. எங்களுடையது அல்லாத ஒரு துண்டு இருந்தது. அத்தையின் மதுரை சுங்குடிப் புடவை இல்லை.

கடைக்கு நேரில் போனபோது அங்கே வேலை செய்பவர் ஒருவரே விஷயத்தைச் சொல்லிவிட்டார். மழைக்காலத்தில் மூட்டைகள் குவிவதால், இரண்டு மூன்று வீட்டுத் துணிகளை வலைப்பைகளில் கட்டி ஒரே மெஷினில் போடுகிறார்களாம். ஒரு பையில் சாயம் போனால் எல்லோர் துணியிலும் ஏறும். உலர்த்தும் டிரம்மும் அப்படித்தான், திணித்துவிட்டால் சூடான காற்று உள்ளே புகுந்து சுற்ற இடம் இருக்காது. மெல்லிய துணி காய்ந்துவிடும், தடித்த தையல் காயாது. அதை அப்படியே மடித்து பாலிதீன் உறையில் போட்டால் நாறாமல் என்ன செய்யும்?

அந்தக் காலத்து வண்ணார்கள் சேராங்கொட்டைச் சாறால் ஒவ்வொரு துணியிலும் குறி போட்டது, ஒரு வீட்டுத் துணி இன்னொரு வீட்டுக்கு மாறிவிடக் கூடாது என்பதற்காகத்தான். எத்தனை முறை வெளுத்தாலும் அந்தக் குறி போகாது. இங்கே அடையாளச் சீட்டு மூட்டையின் கழுத்தில் மட்டும்தான் கட்டியிருந்தது.

புடவை எங்கே என்று கேட்டதற்கு, "நீங்க கொடுத்ததுக்கு என்ன ஆதாரம்?" என்றார் மேலாளர். எண்ண மாட்டோம் என்று சொன்னவர்களே இப்படிக் கேட்கிறார்கள். அப்புறம் பில்லின் பின்பக்கத்தைக் காட்டினார். பொடி எழுத்தில், இழப்பீடு சலவைக் கட்டணத்தின் பத்து மடங்கைத் தாண்டாது என்று இருந்தது. கிலோ 90 ரூபாய். அரை கிலோ புடவைக்கு 45 ரூபாய் கட்டணம் என்றால், அது தொலைந்தால் 450 ரூபாய். அந்த விலைக்கு நல்ல சுங்குடி எங்கே கிடைக்கும்?

அவர்கள் அச்சடித்து வைத்துவிட்டதாலேயே அது சட்டம் ஆகிவிடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாட்டுக்கு வழக்குப் போடலாம். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் முதலில் புகார் சொல்லுங்கள். அங்கே முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும், நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. தராசில் சந்தேகம் இருந்தால் அரசு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தொழிலாளர் துறையிடம் சொல்லலாம்.

நாங்கள் 1915-க்குப் பேசிய பிறகு பில் தொகையை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். புடவைக்காக மாவட்ட ஆணையத்துக்கு மனு தயாராகிறது. தயவுசெய்து, எண்ணி எழுதித் தராத கடைக்குத் துணி கொடுக்காதீர்கள். அவசரத்துக்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், பையன் முன்னாலேயே துணிகளைப் பரப்பி போட்டோ எடுத்து, அதைக் கடையின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டு மூட்டையைக் கொடுங்கள். பட்டு, சரிகை வேட்டி, சாயம் போகும் துணி எதையும் கிலோ மூட்டையில் சேர்க்கவே வேண்டாம்.

வேளச்சேரி பக்கம் யாருக்காவது லாண்டரி மூட்டையில் அரக்கு நிறத்தில், மஞ்சள் கரை போட்ட சுங்குடிப் புடவை மாறி வந்திருந்தால் சொல்லுங்கள். உங்கள் துண்டு எங்களிடம் பத்திரமாக இருக்கிறது.