விலை இறங்கின டிஜிட்டல் வேர்னியர்: வாங்கலாமா?

பெர்த்ல இருக்குற மாமா பையன் ஒரு டிஜிட்டல் வேர்னியரோட (தாடையில கவ்வி நீளம், தடிமனை நம்பர்ல காட்டுற அளவுக் கருவி) லிங்க் அனுப்பி, "அண்ணே, விலை நல்லா இறங்கிருக்கு, வாங்கலாமா"ன்னு கேட்டான். அவனுக்கு அங்க துப்பாக்கி லைசன்ஸ் இருக்கு, சுட்ட .308 ரைஃபிள் தோட்டாவோட காலி பித்தளைக் கூட்டை, அதாவது கேஸை, வீட்லயே பழைய அளவுக்கு அமுக்கி (ரீசைஸ்) மறுபடி மருந்தும் குண்டும் போட்டு ரீலோட் பண்றான். இங்க சிங்கப்பூர்ல என்எஸ் (தேசிய சேவை) துப்பாக்கி ரேஞ்ச்ல ஒரு காலி கேஸ் குறைஞ்சாலே எல்லாரும் குனிஞ்சு தேடணும், அவன் டப்பா டப்பாவா வச்சிருக்கான். அதே மாடல் வேர்னியரை நான் துவாஸ்ல ஒரு ஃபேக்டரி டூல்ரூம்ல வருஷக்கணக்கா போட்டு உழைக்கிறேன், அதான் என்னைக் கேக்குறான்.

முதல்ல பேட்டரி. ஆஃப் பண்ணா திரை மட்டும்தான் அணையுது, உள்ள சர்க்யூட் பாட்டுக்கு கரண்ட் குடிச்சிக்கிட்டே கெடக்கு. லாங் வீக்கெண்ட் முடிஞ்சு வந்து பெட்டியத் தொறந்தா செத்துக் கெடக்கும், அன்னைக்குன்னு பார்த்து சூப்பர்வைசர் பக்கத்துலயே நிப்பாரு. மலிவா கிடைக்குற எல்ஆர்44 பட்டன் பேட்டரி போட்டா வோல்ட் கொஞ்சம் கொஞ்சமா இறங்கி நம்பர் மினுக்க ஆரம்பிச்சிரும், அதே சைஸ் எஸ்ஆர்44 (சில்வர் ஆக்சைடு) போடுங்க, கடைசி வரைக்கும் 1.55 வோல்ட் பக்கத்துலயே நிக்கும். அப்புறம் நம்ம ஊரு வேர்வை, ஸ்கேல் மேல ஈரம் பட்டா நம்பர் கண்டபடி தாவுது.

ஆனா அளவு? அதுல குறை சொல்ல மாட்டேன். ரீசைஸ் பண்ணும்போது அவனுக்கு கேஸோட ஷோல்டரை (கழுத்துக்குக் கீழ இருக்குற சரிவு) 2 தௌ, அதாவது அங்குலத்துல ஆயிரத்துல ரெண்டு பங்கு, 0.05 மில்லிமீட்டர் பின்னால தள்ளணும். வேர்னியரோட பிழையே ±0.02 மில்லிமீட்டர், அப்புறம் எப்படி நம்புறதுன்னு கேட்டான். சுட்ட கேஸையும் சைஸ் பண்ண கேஸையும் ஒரே கம்பாரேட்டர் (ஷோல்டர்ல உக்கார்ற மாதிரி வேர்னியர் தாடையில மாட்டுற துண்டு) வச்சு அளந்து வித்தியாசத்தை மட்டும் பாருடா, பிழை பெரும்பாலும் அடிபட்டுப் போயிரும். கட்டைவிரல்தான் வில்லன், கொஞ்சம் அதிகமா அழுத்துனா தாடை சாஞ்சு அளவு குறையும். ஒரே கேஸைத் திருப்பித் திருப்பி அள, நம்பர் ஆடுச்சுன்னா கைதான் சரியில்ல. ஆடலைன்னா பித்தளையப் பாரு, பல தடவை சுட்டது இறுகிப்போய் டையில (கேஸை அமுக்குற அச்சு) இருந்து வெளிய வந்ததும் ஸ்பிரிங் மாதிரி எகிறும், தடவுற எண்ணெய் ஒரு கேஸுக்கு அதிகம் ஒண்ணுக்குக் கம்மின்னா அதுலயும் அளவு மாறும். அனீல் பண்ணிப் பாரு, அதாவது கழுத்தையும் ஷோல்டரையும் சூடு பண்ணி மென்மையாக்கு, அதுக்கப்புறம் டையைத் திட்டு.

இவ்வளவும் சொல்லிட்டு, இது வேணாம்டா, பேட்டரியே இல்லாத, முள்ளு காட்டுற டயல் வேர்னியர் வாங்கிக்கோ, அதுல முள்ளைச் சுத்துற பல்லுல தூசி சேராமப் பாத்துக்கோன்னுட்டேன். என்னோடதுல பேட்டரி மூடி வேற லூஸாயிருச்சு, டேப் ஒட்டி ஓட்டிக்கிட்டிருக்கேன். அந்த இறங்கின விலைக்கு அதே டிஜிட்டல் எனக்கு ஒண்ணு ஆர்டர் போட்டாச்சு.