பேப்பரா, கார்டா, விவாதமா: மெட்ரோ செய்தியில் உரசிப் பார்த்தால்

காலைப் பேப்பர், சாயங்காலப் பேப்பர், வாட்ஸ்அப்பில் சுற்றும் நியூஸ் கார்டு, ராத்திரி டிவி விவாதம். மதுரையில் அரசியல் செய்தி பெரும்பாலும் இந்த நாலு வழியாகத்தான் கைக்கு வருகிறது. எது தேறும் என்று உரசிப் பார்க்க, 2025 நவம்பரில் வந்த மெட்ரோ செய்தி வாகானது.

திருமங்கலம் – ஒத்தக்கடை மெட்ரோ திட்ட அறிக்கையை ஒன்றிய அரசு மாநிலத்துக்கே திருப்பி அனுப்பியது. 2017 மெட்ரோ ரயில் கொள்கை கேட்கும் 20 லட்சம் மக்கள்தொகை மதுரைக்கு இல்லை என்பது முக்கியக் காரணம். கணக்கில் எடுத்தது 2011 கணக்கெடுப்பை; அதன்படி சுமார் 15 லட்சம்.

இதில் முதலில் தோற்பது நியூஸ் கார்டுதான். ஒரு போட்டோ, ரெண்டு வரி. ஒரு கார்டில் 'நிராகரிப்பு', இன்னொன்றில் 'திருப்பி அனுப்பப்பட்டது'. முதல் சொல்லில் கதவு சாத்தியாயிற்று. இரண்டாவதில் திருத்தி அனுப்ப இடம் இருக்கிறது. எந்தச் சொல் என்று பார்த்தாலே எந்தக் கட்சி குரூப்பில் இருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். அதைவிடப் பெரிய கோளாறு தேதி. மூலையில் பொடி எழுத்தில் இருப்பதை வெட்டிவிட்டு ஃபார்வர்டு செய்தால் பழைய செய்தி புதுசாகிவிடும். போலி கார்டு செய்கிறவர்கள் சேனலின் டிசைனை அப்படியே எடுத்து எழுத்தை மட்டும் மாற்றுவார்கள். அதனால் எழுத்துரு லேசாக ஒட்டாமல் நிற்கும். எழுத்துப்பிழையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, அது அசலிலும் உண்டு! சேனலின் சொந்தப் பக்கத்தில் அதே தேதியில் அந்தக் கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தள்ளிவிடுங்கள்.

காலைப் பேப்பரில் தலைப்பை விடுங்கள், கடைசிப் பத்தியில் இருந்து மேலே படியுங்கள். முதல் பக்கத்தில் தலைவர்களின் கண்டனம்தான் இருக்கும். 2011 கணக்கில் 20 லட்சத்தைத் தொடாத போபாலுக்கு 2018லும் ஆக்ராவுக்கு 2019லும் அனுமதி கிடைத்த விவரம், 'தொடர்ச்சி' என்று போட்ட உள்பக்கத்தில் கிடக்கும். ஒரு குறை: உசிலம்பட்டி, பேரையூர் பக்கம் போகும் கட்டு முன்னதாகவே அச்சேறிவிடும். ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்த அறிக்கை நகரப் பதிப்பில் இருக்கும், அங்கே இருக்காது.

சாயங்காலப் பேப்பர் மதியமே அச்சுக்குப் போவதால், காலையில் நடந்தது வரைக்கும் தெரிந்துகொள்ள ஆகும். விவாதம்? நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எண் எதுவும் காதில் ஏறாது.

மேலூர் டங்ஸ்டன் கனிமச் சுரங்க விவகாரத்திலும் கார்டுகளில் இதே சொல் கோளாறு. 2024 நவம்பர் 7 அன்று நாயக்கர்பட்டி பிளாக்குக்கு ஏலதாரர் அறிவிக்கப்பட்டதும் 'சுரங்கத்துக்கு அனுமதி' என்று கார்டுகள் பறந்தன. ஏலம் எடுப்பது வேறு, சுரங்க உரிமம் கையில் வருவது வேறு. இடையில் பல படிகள் இருக்கின்றன. அந்தப் படிகளைத் தாண்டும் முன்பே 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

காசு கொடுப்பதென்றால் காலைப் பேப்பருக்குக் கொடுக்கலாம். சந்தேகம் வந்தால் ஒன்றிய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் (PIB) இணையப் பக்கத்தையும் மாநிலச் செய்தி மக்கள் தொடர்புத் துறையின் வெளியீட்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டும் இலவசம். இரண்டும் அவரவர் பக்கத்து நியாயத்தைத்தான் சொல்லும்; ஆனால் தேதி இருக்கும்.