எஸ்ஓ-50: பல வருடங்கள் பேசிப் பார்த்த பிறகு

ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் வாங்கியவர்கள் செயற்கைக்கோள் வழியாகப் பேச எதில் தொடங்கலாம் என்று கேட்டால், நான் எஸ்ஓ-50 என்ற செயற்கைக்கோளைத்தான் சொல்வேன். பெரிய செலவில்லை. இரண்டு வாக்கி-டாக்கி, கையில் பிடித்து கோள் இருக்கும் திசைக்குக் காட்டுகிற யாகி ஆன்டெனா ஒன்று, அப்புறம் மொட்டை மாடி.

சவுதிசாட்-1சி என்ற பெயரில் 2002 டிசம்பர் 20-ல் பைக்கானூரிலிருந்து போன சின்னக் கோள் இது. 145.850 மெகாஹெர்ட்ஸில் நாம் பேசுவதை 436.795-ல் திருப்பி அனுப்பும். அனுப்பும் திறன் கால் வாட்தான். அதில் இலங்கைக்காரர் குரலும் ஓமன்காரர் குரலும் கேட்பது எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

பேசும்போது குரலோடு 67 ஹெர்ட்ஸ் டோன் (தாழ்ந்த ஒலிக்குறி) போட வேண்டும். கோள் தூங்கிக்கொண்டிருந்தால் 74.4 ஹெர்ட்ஸ் டோனை இரண்டு விநாடி கொடுத்து எழுப்பலாம். பத்து நிமிடம் விழித்திருக்கும்.

பழக வேண்டியது டாப்ளர்தான், அதாவது கோள் நகரும் வேகத்தால் அலைவரிசை மாறித் தெரிவது. அடிவானத்தில் எழும்போது 436.805-ல் கேளுங்கள். உச்சிக்கு வரும்போது 436.795, மறையும்போது 436.785. இடையில் உள்ளவற்றையும் சேர்த்து ஐந்து கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் மெமரியில் போட்டு வைத்துவிட்டால் போதும், குரல் கரகரத்ததும் அடுத்ததற்குத் தாவிவிடலாம். அனுப்பும் பக்கத்தைத் தொடவே வேண்டாம். திடீரென்று குரல் அமுங்கினால் கோள் போய்விட்டது என்று நினைக்காதீர்கள்; ஆன்டெனா பிடித்த மணிக்கட்டைக் கால் சுற்றுத் திருப்பினால் பெரும்பாலும் திரும்பி வரும்.

ஒரு தொல்லை உண்டு. 145.850-ஐ மூன்றால் பெருக்கினால் 437.55, கேட்கும் அலைவரிசைக்குப் பக்கத்திலேயே விழுகிறது. மலிவான வாக்கி-டாக்கி என்றால் நாம் பேச பட்டனை அழுத்தியதும் கேட்கிற வாக்கி-டாக்கி செவிடாகிவிடும். அதனால்தான் இரண்டையும் தள்ளி வைத்து, காதில் இயர்போன் மாட்டிக்கொள்வது.

எனக்கு எரிச்சல் கோள்மீது இல்லை, ஆட்கள்மீதுதான். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். கோள் ஒருமுறை வானத்தைக் கடக்கும் பத்துப் பன்னிரண்டு நிமிட பாஸில், தன் குரல் திரும்பி வருகிறதா என்றுகூடக் கேட்காமல் கூப்பிட்டுக்கொண்டே இருப்பவர் ஒருவர் போதும், எல்லோருக்கும் கெட்டது. 2005-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஹாம்சாட் என்ற இந்தியச் செயற்கைக்கோளில் இந்த நெரிசல் இல்லை, பலர் ஒன்றாகப் பேச முடிந்தது. ஆனால் அதற்கு எஸ்எஸ்பி என்ற வேறு முறையில் பேசும் ரேடியோ தேவைப்பட்டது. 2014 ஜூலையில் அந்த ஹாம்சாட் ஓய்ந்துவிட்டது.

பாஸ் நேரம் நாளுக்கு நாள் முன்னால் நகரும். இப்போது சாயங்காலம் வருவது சில வாரங்களில் உச்சிவெயிலுக்கு வந்துவிடும். அப்போது தொப்பி போட்டுக்கொண்டு ஏறுங்கள். ஆன்டெனாவின் அலுமினியக் குழாய் கையைச் சுடும்.