ஸ்டெம் செல் என்று சொல்லி எனக்குப் போட்டது வேறு ஊசி

எனக்கு 38 வயது. நீண்ட நாள் சோர்வுக்காகவும் தாம்பத்திய நாட்டக் குறைவுக்காகவும் சென்ற ஆண்டு சென்னையில் ஒரு தனியார் சிகிச்சை மையத்துக்குப் போனேன். பிற்பகல் நான்கு மணிக்கு எடுத்த ஒரே ரத்தப் பரிசோதனையில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 240 (நானோகிராம்/டெசிலிட்டர்) என்று குறைவாக வந்ததைக் காட்டி, விரைகளில் அதைச் சுரக்கும் லேடிக் செல்கள் தேய்ந்துவிட்டதாகவும், என் இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல்களை, அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்களைச் செலுத்தினால் அவை மீண்டும் உருவாகிவிடும் என்றும் சொன்னார்கள். அந்த ஹார்மோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும், ஆகவே இரு வேறு நாள் காலைகளில் வெறும் வயிற்றில் பார்த்த பிறகே குறைபாடு என்று முடிவு செய்ய வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. 3,40,000 ரூபாய் கட்டினேன்.

ஆறு வாரத்தில் அளவு 780 ஆனது. உடம்பும் தெம்பாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்?

இரண்டாவது குழந்தைக்கு முயன்றுகொண்டிருந்ததால் விந்துப் பரிசோதனை செய்தபோது, ஓர் அணுகூட இல்லை என்று அறிக்கை வந்தது. வேறொரு ஹார்மோன் மருத்துவர் எல்.எச். என்ற ஹார்மோனின் அளவைப் பார்க்கச் சொன்னார். அது ஏறக்குறைய பூஜ்யம். லேடிக் செல்கள் புதிதாக வந்திருந்தாலும் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எல்.எச். தூண்டினால்தான் அவை வேலை செய்யும் என்றும், வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் அந்தச் சுரப்பி இப்படி அடங்கிப்போய் விந்தணு உற்பத்தியும் நின்றுவிடும் என்றும் அவர் விளக்கினார். வீட்டுக்கு வந்து பழைய மருந்துக்கடை ரசீதுகளைத் தேடினேன். ‘துணை ஊசி’ என்று பிட்டத்தில் இருமுறை போட்டது டெஸ்டோஸ்டிரோன் அன்டெக்கனோயேட் 1000 மில்லிகிராம்.

ஆராய்ச்சியே பொய் என்று நான் சொல்லவில்லை. மனித ஸ்டெம் செல்களிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் லேடிக் வகைச் செல்களைத் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தினர் 2019-இல் வளர்த்தது உண்மை. ஆனால் அது ஆய்வகத்தில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள், ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடுகளை மருத்துவ ஆய்வாக மட்டுமே செய்யச் சொல்கின்றன. என்னிடம் ஆய்வுக்கான ஒப்புதல் படிவம் எதிலும் கையெழுத்து வாங்கவில்லை. ஆய்வுக்கான பதிவு எண்ணும் தரவில்லை.

இப்படி யாராவது உங்களிடம் பேசினால், பணம் கட்டுமுன் எல்.எச்., விந்தணு உற்பத்தியைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். ஆகிய இரண்டு ஹார்மோன்களையும் வெளியே ஓர் ஆய்வகத்தில் பார்த்துவிடுங்கள். போடும் ஒவ்வொரு ஊசியின் பெயரையும் குப்பியைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஊசி நிறுத்தி ஏழு மாதமாகிறது. விந்தணுக்கள் மெல்லத் திரும்புகின்றன. என் மஜ்ஜையிலிருந்து எத்தனை செல்களைப் பிரித்தார்கள் என்ற அறிக்கையை மூன்று முறை எழுதிக் கேட்டும் அவர்கள் இன்னும் தரவில்லை.